கொங்சி வீட்டின் சாவி

'கொங்சி' என்ற சொல்லை மலேசியத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு பொட்டலம் கச்சானைக் கையில் கொடுத்து "கொங்சி போட்டுச் சாப்பிடுங்க" என்று அம்மா சொன்னால், பங்கு போடு என்று அர்த்தம். கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் எனக்கு அதே சொல் வேறொன்றையும் காட்டும்: தொழிலாளர்கள் தங்கும் தகரக் கொட்டகை, 'ரூமா கொங்சி'. மலாய் நாளிதழில் 'கொங்சி கெலாப்' என்று இருந்தால் அது குண்டர் கும்பல். பினாங்கு ஜார்ஜ்டவுனில் டிக்கெட் வாங்கி உள்ளே போகிற 'கூ கொங்சி' சீனக் குலம் ஒன்றின் மாளிகை. பங்கு, கொட்டகை, கும்பல், மாளிகை எல்லாமே ஒரே ஹொக்கியன் சொல்லுக்குப் பிறந்த பிள்ளைகள்தான்.

ஜார்ஜ்டவுனில் இந்தச் சொல் குடியிருந்த மூன்று இடங்களைப் பற்றி எழுத நினைக்கிறேன். மூன்றும் 19ஆம் நூற்றாண்டின் சகோதரச் சங்கங்களோடு தொடர்புடையவை. சத்தியம் செய்து உள்ளே சேர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பியாகிவிடும் சங்கங்கள் அவை. இன்று அந்த இடங்கள் கோயிலாகவும் அருங்காட்சியகமாகவும், கலை நிகழ்ச்சியும் விருந்தும் நடக்கிற வளாகமாகவும் ஆகியிருக்கின்றன. ஒரு நாவலை விமர்சிக்கும்போது இதில் யார் பேசுகிறார்கள், யார் பேசவே இல்லை, முடிவு எங்கே பொய்யாகிறது என்றெல்லாம் கேட்போம் இல்லையா? அதே கேள்விகளைக் கட்டடத்திடமும் கேட்கலாம். என் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீடுகளைப் பழுதுபார்த்தவர்கள் கூரையையும் தூணையும் நன்றாகவே வாசித்திருக்கிறார்கள். வீடு எதற்காகக் கட்டப்பட்டது என்ற அத்தியாயத்தை மட்டும் புரட்டித் தள்ளிவிட்டார்கள். நாம் வருவது அந்த அத்தியாயத்தில்தான்.

முதல் வீடு லெபோ ஆர்மேனியனில், 57ஆம் எண். அந்தத் தெருவில் கூட்டமெல்லாம் 2012இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகரேவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்தின் முன்னால்தான் நிற்கும். வரிசையில் நின்று படம் எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்த 57ஆம் எண் கண்ணில் படுகிறதோ தெரியாது. கடைவீடுகளுக்கு நடுவில் ஒரு குறுகலான வழி. அதன் வழியாக உள்ளே போனால்தான் முற்றமும் கோயிலும் தெரியும். ஹொக் தெய்க் செங் சின் கோயில் என்பது இன்றைய பெயர். 1850இல் எழுந்த இந்தக் கட்டடம் கியன் தெய்க் என்ற சங்கத்தின் தலைமையகமாக இருந்தது. துவா பெக் கோங் சங்கம் என்றும் அதைச் சொல்வார்கள். 1844இல் ஹொக்கியன் வணிகர்கள் தொடங்கியது.

ஒரு பொறியாளனாக இந்த வீட்டில் என்னைக் கவர்வது அந்தக் குறுகலான நுழைவுதான். கட்டட வரைபடம் போடும்போது முதலில் பார்ப்பது, ஆட்கள் எந்த வழியாக வருவார்கள், அவசரம் என்றால் எந்த வழியாக வெளியேறுவார்கள் என்பது. இங்கே அந்தக் கணக்கு வேறு மாதிரிப் போடப்பட்டிருக்கிறது. உள்ளே வருபவன் தனித்தனியாகத்தான் வர முடியும், வருகிற ஒவ்வொருவனும் உள்ளே இருப்பவன் கண்ணில் படுவான். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் ஆட்களுக்கு மட்டும் முகம் காட்டும் வீடு. சங்கம் என்றால் என்ன என்பதை அந்த வழியே சொல்லிவிடுகிறது.

அந்த வீட்டுக்கு ஏன் வந்தார்கள்? கப்பலை விட்டு இறங்கியவனுக்கு இங்கே அப்பா அம்மா கிடையாது, மாமன் மச்சான் கிடையாது. நோய் வந்தால் பார்க்க ஆளில்லை, செத்தால் புதைக்க ஆளில்லை. வேலையில் ஏமாற்றினால் போய்ச் சொல்ல ஓர் இடமில்லை. சங்கம் இதையெல்லாம் தந்தது. பதிலுக்கு அவனுடைய கையையும் கத்தியையும் கேட்டது. அபின் குத்தகை, கூலி வியாபாரம், பாதுகாப்புப் பணம் என்று அதன் இன்னொரு பக்கம் அழுக்கானது. இரண்டும் ஒரே சத்தியத்திலிருந்து வந்தவை, ஒன்றை வெட்டி எடுத்து மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

அந்தச் சத்தியச் சடங்கைப் பற்றி வெளியாள் எழுதிய பழைய பதிவுகளில் ஒன்று முன்ஷி அப்துல்லாவின் 'ஹிக்காயத் அப்துல்லா'. 1849இல் அச்சான நூல். சிங்கப்பூர்க் காட்டுக்குள் இருந்த சங்கத்தின் இடத்துக்குப் போய், புதியவன் ஒருவனைச் சேர்க்கும் சடங்கை ஒளிந்திருந்து பார்த்ததாக அப்துல்லா எழுதுகிறார். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று பள்ளியில் படித்தோமே, அவர்தான். அவருடைய முன்னோரில் தமிழரும் அரபியரும் உண்டு. தமிழும் கற்றவர். சீனச் சங்கத்தின் கதவிடுக்கில் தமிழ் தெரிந்த ஒரு கண் இருந்தது என்பதே எனக்குப் போதுமான தொடக்கமாகத் தெரிகிறது. ஆனால் 1867இல் நம் ஆட்கள் கதவிடுக்கில் நின்று வேடிக்கை பார்க்கவில்லை, சண்டைக்குள்ளேயே இருந்தார்கள்.

1867 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுன் ஏறக்குறைய பத்து நாள் எரிந்தது. ஒரு ரம்புத்தான் தோலை வீசியதில் தொடங்கியது என்று சொல்வார்கள். பள்ளிப் பாடத்திலும் சுற்றுலாப் பலகையிலும் இதைச் சீனச் சங்கங்கள் இரண்டின் சண்டையாகத்தான் சுருக்குகிறார்கள்: ஒரு பக்கம் கீ ஹின், மறுபக்கம் கியன் தெய்க். உண்மையில் சண்டைக்கு நான்கு பேர். கீ ஹின்னோடு வெள்ளைக் கொடி, கியன் தெய்க்கோடு சிவப்புக் கொடி. இந்த இரண்டு கொடிகளும் முஸ்லிம் சகோதரச் சங்கங்கள். மலாய்க்காரர்கள், தமிழ் முஸ்லிம்கள், தென்னிந்திய முஸ்லிம் ஆணுக்கும் மலாய்ப் பெண்ணுக்கும் பிறந்த வழியில் வந்த ஜாவி பெக்கான் மக்கள் எல்லாரும் அவற்றில் இருந்தார்கள். அதாவது ஒரு தமிழ் முஸ்லிம் இன்னொரு தமிழ் முஸ்லிமை எதிர்த்து, தன் சீனச் சகோதரனுக்காகத் தெருவில் இறங்கியிருக்கிறான். இனம் இனமாகப் பிரித்து எழுதப்பட்ட நம் வரலாற்றுப் புத்தகத்தில் இந்த ஒரு வாக்கியத்தை எங்கே வைப்பீர்கள்?

கியன் தெய்க்கின் தலைவர் கூ தியன் தெய்க்குக்கு மரண தண்டனை விதித்து, பிறகு சிறைத்தண்டனையாகக் குறைத்தார்கள். சிவப்புக் கொடியின் தலைவர் சையது முகமது அலாத்தாஸ் வாழ்ந்த மாளிகையும் அதே ஆர்மேனியன் தெருவில்தான் இருக்கிறது. லெபோ கேனன் என்ற தெருப்பெயரே அந்தக் கலவரத்தில் சுட்ட பீரங்கியால் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். 1889இல் வந்த சங்கச் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்து இரகசியச் சங்கங்களுக்கு முடிவு கட்டியது. 57ஆம் எண் வீடு தப்பித்தது, எப்படியென்றால் கோயிலாகி. சங்கத்தின் ஆட்கள் போ ஹொக் சியா என்ற பெயரில் துவா பெக் கோங் தெய்வத்தின் பக்தர்களாகத் தொடர்ந்தார்கள். சீனப் புத்தாண்டு முடியும் நேரத்தில் தஞ்சோங் தொக்கோங்கில் தீச்சுடரைப் பார்த்து அந்த ஆண்டின் வளத்தைக் கணிக்கும் சடங்கை இன்றும் அவர்கள்தான் நடத்துகிறார்கள். மூன்று வீடுகளில் எனக்கு இந்த வீட்டின் மேல்தான் மரியாதை அதிகம். வேடம் மாறினாலும் ஆட்கள் மாறவில்லை, கூடுவதை விடவில்லை.

இரண்டாவது வீடு, அதன் முதுகுப்புறத்தில் இருக்கும் கூ கொங்சி. இது குலச் சங்கம், சத்தியச் சங்கமல்ல. ஆனால் தலைவர் யார் என்று பார்த்தால் இரண்டுக்கும் எவ்வளவு நெருக்கம் என்பது புரியும். இப்போது இருக்கும் மண்டபம் 1906இல் முடிந்தது. முன்பிருந்த மண்டபம் 1901இல் எரிந்துபோனது. பேரரசரின் அரண்மனை மாதிரி இருந்ததால் தெய்வத்துக்கே பொறுக்கவில்லை என்று ஊர்க்கதை சொல்லும். உடைந்த பீங்கானை வெட்டி ஒட்டிச் செய்த கூரைச் சிற்பங்களைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை, அவை அற்புதமானவை.

நான் பேச விரும்புவது எதிரே இருக்கிற கூத்து மேடையைப் பற்றி. அது மண்டபத்தைப் பார்த்து நிற்கிறது. நடிகன் ஆடுவது குலதெய்வமும் முன்னோரும் பார்ப்பதற்காக. நடுவில் கருங்கல் பாவிய முற்றத்தில் நிற்கிற மனிதர்கள், சாமி பார்க்கிற நாடகத்தை ஓரமாக நின்று பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கோயில் திருவிழாவில் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. இன்று இதே முற்றத்தில் நிகழ்ச்சி என்றால் நாற்காலி போடுகிறார்கள். மேடையைப் பார்த்து உட்காரும்போது நம் முதுகு மண்டபத்தைப் பார்க்கிறது. யாருக்காக அந்த மேடை கட்டப்பட்டதோ அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நமக்காக நடக்கிற நிகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டு பார்க்கிறோம். இதைத் தவறு என்று சொல்ல வரவில்லை, கலை இப்படித்தான் கோயிலை விட்டு வெளியே வந்தது. ஆனால் வெளியே வந்த கலை இப்போது யாருக்குக் கட்டுப்பட்டது? முன்பு தெய்வத்துக்கும் குலத்துக்கும் பதில் சொன்னது. இன்று டிக்கெட் வாங்கியவரின் கைப்பேசிக்குப் பதில் சொல்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொன்று. கூ கொங்சியில் ஓர் இந்தியர் இருக்கிறார். மண்டபத்தின் முன்னால் கல்லில் செதுக்கிய சீக்கியக் காவலாளி. 1867இல் இந்தத் தெருக்களில் சிவப்புக் கொடியோடு கைகோத்து நின்ற தமிழ் முஸ்லிமுக்கு இங்கே ஒரு செங்கல்கூடக் கிடையாது. கூலிக்கு வாசலில் நின்றவன் மட்டும் சிலையானான். சிற்பியைக் குறை சொல்லவில்லை, அவன் தன் காலத்தின் கண்ணால் பார்த்திருக்கிறான். ஆனால் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்த நகரம் சேர்ந்த பிறகு எழுதப்பட்ட விளக்கங்களும் அதே கண்ணோடுதான் இருக்கின்றன: சீனர் இங்கே, இந்தியர் லிட்டில் இந்தியாவில், மலாய்க்காரர் ஆச்சே தெருவில். நல்லிணக்கம் என்று எல்லாரும் மெச்சுவது பக்கத்துப் பக்கத்து வீடுகளை. ஒரே வீட்டுக்குள் ஒன்றாகச் சத்தியம் செய்தவர்களை யாரும் பேசுவதில்லை.

மூன்றாவது இடம் லெபோ சர்ச்சில், 29ஆம் எண். கீ ஹின்னின் தலைமையகம் இருந்த இடம். பேராக்கின் லாருட் ஈயச் சுரங்கப் போர்களில் கீ ஹின்னுக்கு எதிரியாக நின்றது ஹாய் சான் சங்கம். அதன் தலைவர் சுங் கெங் குவீ, 1874 பங்கோர் உடன்பாட்டின்போது சீனர் தரப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். இரகசியச் சங்கங்கள் சட்டப்படி ஒழிந்த சில ஆண்டுகளில், 1890களில், அவரே எதிரியின் தலைமையகத்தை வாங்கி அங்கே தன் மாளிகையை எழுப்பினார். நாவலில் எழுதினால் 'ரொம்ப ஓவர்' என்று ஆசிரியர் வெட்டிவிடுவார். இன்று அந்தப் பச்சை மாளிகை பினாங்கு பெரானாக்கான் அருங்காட்சியகம். விருந்தும் கல்யாணப் படப்பிடிப்பும் நடக்கும். சுங் கெங் குவீ சீனாவில் பிறந்த ஹக்கா, அவர் பாபா இல்லை. ஹக்கா தலைவர் ஒருவரின் வீட்டில், கீ ஹின் மண்ணின் மேல், பாபா நியோன்யா வாழ்க்கை காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பொருட்கள் அழகு, சேகரித்தவரின் உழைப்பும் உண்மை. ஆனால் சத்தியம் செய்தவர்களின் வீடு இருந்த மண்ணில் இன்று நமக்குக் கிடைக்கிற அனுபவம் பொன் இழைத்த மரவேலை, மணி கோத்த செருப்பு.

இங்கே ஒரு கேள்வி வரும். சீனச் சங்கங்களுக்கு வீடு இருந்தது, அதனால் ஏதோ ஒன்று மிஞ்சியது. வெள்ளைக் கொடியும் சிவப்புக் கொடியும் என்ன ஆயின?

கொஞ்சம் கட்டடத்தை விட்டு வெளியே வர வேண்டும். கொடிகள் வெளிப்பட்டது முஹர்ரம் ஊர்வலங்களில். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அல்லாசாமி பண்டிகை என்று இந்துக்களும் சேர்ந்து கொண்டாடிய அதே விழா. மெட்ராஸ் படைப்பிரிவுகளோடு வந்த முஸ்லிம் சிப்பாய்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பினாங்குக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் முஹர்ரம் பாட்டும் வேடமும்தான் இங்கே 'போரியா' ஆனது. கம்பத்துக்குக் கம்பம் ஒரு குழு, குழுவுக்குள் கொடி விசுவாசம், எதிர்க்குழுவைக் கிண்டல் செய்யும் பாட்டு. முதலில் ஒரு சின்ன நகைச்சுவை நாடகம், பிறகு 'துக்காங் காராங்' என்ற பாட்டுக்காரர் வரிகளைக் கட்டிப் பாட, வரிசையாக நிற்பவர்கள் பின்பாட்டு எடுப்பார்கள். 1880களில் பினாங்கில் பிறந்த பங்சாவான் நாடகத்திலும் இதே மாதிரி ஒரு கை உண்டு. பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து முதல் குழுவைத் தொடங்கியவராகச் சொல்லப்படுபவரின் பெயர் மாமாக் புஷி. அந்த 'மாமாக்'கில் இருப்பது நம்ம 'மாமா'தான்.

இன்று போரியா மாநிலப் போட்டிகளில் ஆடப்படும் மலாய்க் கலை. அப்படி ஆனதில் எனக்கு வருத்தமில்லை, அது மலாய் மொழியில் வளர்ந்த கலை, மலாய்க்காரர்களுடையது. வருத்தம் நம்மைப் பற்றி. ரஹ்மா புஜாங் போரியாவைப் பற்றி நூல் எழுதினார். ஹெலன் ஃபுஜிமோட்டோ பினாங்குத் தென்னிந்திய முஸ்லிம்களைப் பற்றி 1988இல் நூல் எழுதினார். கூ சல்மா நசுத்தியோன் 2014இல் 'தி சூலியா இன் பினாங்' என்ற தடித்த நூலையே தந்தார். மலாய்க்காரரும் பினாங்குச் சீனரும் மற்றவர்களும் நம் கதையை எழுதியிருக்கிறார்கள். தமிழில் இந்த அளவுக்கு ஒரு நூலை நான் இன்னும் வாசிக்கவில்லை.

நம் புனைவும் இந்த வீட்டுக்குள் அதிகம் போகவில்லை. மலேசியத் தமிழ் நாவல் என்றாலே ரப்பர் தோட்டம், லயம், கங்காணி. அந்த வலி உண்மை, அதை எழுதியவர்கள் நமக்குப் பெரிய கடன் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் துறைமுகத் தமிழன் எங்கே? ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டிலும் பினாங்கு வருகிறது. கடைகளும் செட்டியார்களும் பேச்சும் போரும் நிறைந்த ஒரு நகரத் தமிழ் வாழ்க்கை தெரிகிறது. எழுதியவர் மதுரைக்குத் திரும்பிப் போனவர். இங்கேயே தங்கியவர்களிடமிருந்து அந்த நகரம் பெரிதாக வரவில்லை. தோட்டம் நமக்கு 'நாங்கள் மட்டும்' என்ற கதையைத் தந்தது. துறைமுகத்தின் கதையில் 'நாங்களும் அவர்களும் கலந்து, ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டும் காப்பாற்றிக்கொண்டும்' என்றுதான் எழுத முடியும். எழுதுவதற்குச் சிரமமான வாக்கியம் அது. அதனாலோ என்னவோ எழுதாமலே விட்டுட்டோம்.

இதெல்லாம் பழங்கதை, இப்ப எதுக்கு என்று கேட்கலாம். இப்போதுதான் வேண்டும். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 40,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் இந்தியர்கள் என்றார்கள். நாட்டு மக்கள்தொகையில் நாம் 7 விழுக்காடு. அந்தக் கும்பல்களின் எண்களை நம் பையன்கள் மோட்டார் சைக்கிளில் ஒட்டுகிறார்கள், தோளில் பச்சை குத்துகிறார்கள், இறுதி ஊர்வலத்தில் கொடியாகப் பிடிக்கிறார்கள். 04, 08, 36 என்ற இந்த எண் பெயர்கள் சீனச் சங்கங்களின் வழக்கத்திலிருந்து வந்தவை. ஆக, கொங்சி வீடு சீனர்களுக்குப் பாரம்பரியமாகிவிட்டது, கொங்சியின் சத்தியம் தோட்டத்தை இழந்து அடுக்குமாடிக்கு வந்த தமிழ்ப் பையனிடம் வந்து சேர்ந்துவிட்டது. அருங்காட்சியகப் பலகை 'இருந்தன' என்று இறந்தகாலத்தில் எழுதுகிறது. ஆயர் ஈத்தாமிலோ பட்டர்வொர்த்திலோ ஒரு அம்மாவுக்கு அது நிகழ்காலம்.

நான் கும்பலை அழகுபடுத்துகிறேன் என்று யாராவது நினைத்தால், அந்த அம்மாவிடம் பேசிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். 1867இல் செத்தவர்களும் யாரோ ஒருவரின் பிள்ளைகள். என் வாதம் வேறு. சொந்தபந்தம் இல்லாத ஊரில் 'நமக்கென்று நாலு பேர்' வேண்டும் என்ற தேவைதான் அந்த வீடுகளைக் கட்டியது. அந்தத் தேவை தீரவில்லை. அதை எந்தக் கூரையின் கீழ், எந்த விலைக்குத் தருகிறோம் என்பதே கேள்வி. பழைய சங்கக் கட்டடம் ஒன்றைக் கலை அரங்காக, சமூகக் கூடமாக மாற்றும்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற வாய்ப்பு கையில் வருகிறது. ஜார்ஜ்டவுன் அந்த வாய்ப்பை அலங்காரத்துக்குச் செலவழித்துவிட்டது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. சங்கக் கட்டடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் உண்டு: சென்னை மெரினா எதிரே இருக்கும் காவல்துறைத் தலைமையகம் முதலில் ஃப்ரீமேசன்களுக்காக 1839இல் கட்டப்பட்டது. அங்கே சகோதரர்கள் போய்ப் போலீஸ் வந்தது. அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்தது இன்னொரு விதம். அங்கே 'வாஷிங்டன் ஹால்' என்று ஒரு கட்டடம். டென்மார்க்கிலிருந்து வந்தவர்களின் 'டேனிஷ் பிரதர்ஹூட்' சங்கம் 1908இல் கட்டியது. தனியாகக் கப்பலேறி வந்தவர்கள் தங்க அறைகளும், கூடி ஆட ஒரு பெரிய கூடமும் அதில் இருந்தன. நம்ம கொங்சி மாதிரியேதான். டேனிஷ்காரர்கள் கூடத்தை மற்றவர்களுக்கும் வாடகைக்கு விட்டார்கள். வேறு மண்டபங்கள் கதவைச் சாத்திய காலத்தில் கறுப்பினத்தவர் இங்கே கூடினார்கள். பில்லி ஹாலிடே பாடியிருக்கிறார், டு பாய்ஸ் பேசியிருக்கிறார், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இளம் வயதில் வாசித்திருக்கிறார். 1973இல் 'சன்ஸ் ஆஃப் ஹைட்டி' என்ற கறுப்பின மேசன் சங்கம் அதை வாங்கியது, பிறகு ஒரு சமகால அரங்கக் குழு அங்கே இயங்கியது. 2009இல் 'ஹிஸ்டாரிக் சியாட்டில்' என்ற பாதுகாப்பு அமைப்பு வாங்கிப் பழுதுபார்த்து, உள்ளூர்க் கலைக்குழுக்களை உள்ளேயே குடிவைத்தது.

அந்தக் கட்டடத்துக்குக் கூ கொங்சியின் கூரை அழகில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் யாருக்கு இடமில்லையோ அவர்களிடம் சாவி போனது. ஒரு சகோதரச் சங்கத்தின் வீடு கலை அரங்காகும்போது அதை மதிப்பிட எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் தெரியவில்லை.

ஜார்ஜ்டவுனில் சாவிக்கு என்ன விலை என்பதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு நீங்கியது. அதுவரை மிகக் குறைந்த வாடகையில் உள்நகரில் இருந்த தையற்காரரும் பூக்கட்டுபவரும் மாவரைக்கும் கடைக்காரரும் வெளியேற ஆரம்பித்தார்கள். எட்டு ஆண்டு கழித்து யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. விலை ஏறியது, காப்பிக் கடையும் சிறு தங்கும் விடுதியும் வந்தன. பாரம்பரியம் என்ற சொல் நகரத்துக்குள் நுழைந்த அதே வாசல் வழியாகத்தான் அந்தப் பாரம்பரியத்தைச் செய்துகொண்டிருந்தவர்கள் வெளியே போனார்கள்.

எங்களுக்கு ஒரு சின்ன வாசிப்புக் குழு இருக்கிறது, ஏழெட்டுப் பேர். ஒரு சிறுகதையை நாடகமாக்கி நடிக்கலாம் என்று ஒத்திகைக்கு இடம் தேடினோம். பழுதுபார்த்த பழைய கூடம் ஒன்றில் கேட்டபோது மூன்று மணி நேரத்துக்குச் சொன்ன தொகை எங்களுடைய மொத்தத் தயாரிப்புச் செலவைவிட அதிகம். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "கல்ச்சுரல் நைட் மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க, பரதநாட்டியம் இருந்தா நல்லா இருக்கும்" என்றார். கதையில் வருவது ஃபேக்டரி ஷிப்டு முடிந்து வரும் இரண்டு தமிழ்ப் பையன்கள், அவர்களில் ஒருவன் கும்பலை விட்டு வெளியே வர நினைக்கிறான். பரதநாட்டியத்துக்கு அதில் இடமில்லை. கடைசியில் ஒரு கோயில் கல்யாண மண்டபத்தின் பின்கட்டில், பாத்திரங்களுக்கு நடுவில் ஒத்திகை பார்த்தோம். தலைவர் ஐயா காசு வாங்கவில்லை. "பசங்க ஏதோ நல்லது பண்றீங்க, கதவைச் சாத்திட்டுப் போங்க, போதும்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பின்கட்டு யுனெஸ்கோ பட்டியலில் வராது. ஆனால் 1850இல் 57ஆம் எண் வீடு யாருக்காகக் கட்டப்பட்டதோ, அந்த வேலையை அன்றைக்கு அதுதான் செய்தது. நம் கோயில் மண்டபங்களும் தமிழ்ப் பள்ளிக் கூடங்களும் சங்கக் கட்டடங்களும் வாரத்தில் ஐந்து நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. அடுத்த முறை சீனர்களின் பாரம்பரியக் கட்டடத்தைப் பார்த்து 'நமக்கு இப்படி ஒன்னு இல்லையே' என்று ஏங்குவதற்கு முன்னால், உங்கள் ஊர் மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்கு, பரதநாட்டியம் ஆடத் தெரியாத, தோளில் எண் குத்திய ஒரு பையன் வந்து கேட்டால் அதைக் கொடுப்பார்களா என்றும் கேளுங்கள்.